உறை காயுமா?

போன தை மாதம், மழை விட்டு மூன்றாம் நாள், முற்றத்து மாமரத்தில் முறிந்து தொங்கிய கொப்பை வெட்டலாம் என்று சுவரில் மாட்டியிருந்த கத்தியை எடுத்தேன். பிடியைப் பிடித்து இழுத்தால் உறையும் கூடவே வந்தது. உறையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். சிரட்டையைச் சுரண்டுவதுபோலக் கரகரவென்று ஒரு சத்தம். கத்தி வெளியே வந்தது, ஆனால் அது நான் உள்ளே வைத்த கத்தி இல்லை. பிடிக்குக் கிட்ட நீலமும் கருப்பும் கலந்த திட்டுகள். நடுப்பகுதி பரவாயில்லை. நுனியில் மூன்று விரல் அகலத்துக்குச் செம்மஞ்சள் துரு. தொட்டால் மஞ்சள்தூள் மாதிரி விரலில் ஒட்டியது.

அது அப்பாவின் கத்தி. லொறி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கம்மாலையில் அடித்தது. அப்பா இருந்தவரை அதற்கு உறையே கிடையாது. தேங்காயெண்ணெய் பூசி, பத்திரிகைத் தாளில் சுற்றி, குசினிக் கூரையில் அடுப்புப் புகை படும் இடமாகப் பார்த்துச் செருகி வைப்பார். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. நான்தான் இவ்வளவு நல்ல கத்திக்கு ஒரு உறை இல்லையே என்று ஆசைப்பட்டு, மூன்று கிழமை மினக்கெட்டுத் தோலில் ஒன்று தைத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டேன். ரொறொன்ரோ மச்சான் இதயம் போட்டான்.

கத்தியை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா முகத்துவாரத்தில் இருக்கிறார். வாவியிலும் கடலிலுமாக நாற்பது வருடம் வலை இழுத்தவர். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையை மூக்கருகே பிடித்து மணந்தார்.

“நீ இதை உறையில போடல்ல மனே. ஊறுகாயில போட்டிருக்காய்.”

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு பதினொரு உறை செய்துவிட்டேன். உருப்படியானவை நான்கு. மற்ற ஏழிலிருந்துதான் கூடப் படித்தேன் என்பதால் அவற்றைப் பற்றித்தான் இங்கே கூடக் கதைக்கப் போகிறேன்.

கத்தியுறை செய்வது பற்றி இணையத்தில் தேடினால் வருகிற காணொளிகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அவர்களுடைய காற்று வேறு, எங்களுடைய காற்று வேறு. மட்டக்களப்பில் இரண்டு காற்று. மழையோடு வருகிற வாடை, வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கிற கச்சான். (எங்கள் ஊரில் வறுத்து விற்கிற கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். அந்தக் கச்சான் பின்னால் வரும்.) வாடையில் தோல் ஊறும், மரம் பருக்கும். கச்சானில் தோல் வெடிக்கும், மரம் சுருங்கும். கார்த்திகையில் இறுகிப் பிடித்த உறை ஆனியில் கத்தியைக் கீழே விட்டுவிடும். இதற்கு மேலே உப்பு வேறு. சாதாரணக் கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புப் போத்தலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் ஒரு உறைக்குள் உப்பு ஒருமுறை போய்விட்டால், மழையே பெய்யாவிட்டாலும் அந்த உறை தானாக நனைந்துகொண்டிருக்கும்.

அதனால் இப்போது எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: நனைந்தால் காயுமா? எவ்வளவு நேரத்தில் காயும்? அழகு, பாரம், விலை எல்லாம் அப்புறம்.

முதலில் தோல். என்னுடைய தோல் மட்டமானது என்றுதான் நினைத்திருந்தேன். டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்டக் குடை விரித்துச் சப்பாத்துத் தைக்கிற ஒரு அண்ணனிடம் உறையைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விளிம்பில் ஒரு நூலளவு சீவினார். வெட்டுமுகம் முழுக்க ஒரே மண்ணிறம். பிறகு தன் பெட்டிக்குள்ளிருந்து கறுப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து அதையும் சீவினார். மேலும் கீழும் கறுப்பு. நடுவில் மெல்லிய சாம்பல் நீலக் கோடு.

“நீலம் தெரிஞ்சா குரோம் தோல் தம்பி. சப்பாத்துக்கு அதுதான் நல்லம், மெத்தெண்டு இருக்கும். ஆனா நீங்க சொல்ற உருவத்தில நிற்காது. உங்கட பட்டைத்தோல். தோல் பிழையில்ல.”

பட்டைத்தோல் என்று அவர் சொன்னது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் ஊறவைப்பார்கள். குரோம் உப்பில் ஒரு நாளில் முடிகிற வேலை, பட்டையில் கிழமைக் கணக்கில் இழுக்கும். அதனால் இன்று உலகத்துத் தோலில் பெரும்பங்கு குரோம்தான். ஆனால் பட்டைத்தோலுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் நனைத்து, கத்தியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி விட்டால் அந்தக் கத்தியின் உருவத்திலேயே காய்ந்து நிற்கும். கத்தியுறைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அப்படியானால் என் கத்தி ஏன் கெட்டது? அந்த நீலக்கறுப்புத் திட்டுத்தான் பதில். பட்டையில் இருக்கிற துவர் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் வைத்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். ஆக, என் கத்தியும் உறையும் மூன்று மாதம் உள்ளுக்குள் மை காய்ச்சிக்கொண்டிருந்திருக்கின்றன. குரோமானால் தப்பியிருப்பேன் என்றும் இல்லை. எந்தத் தோலிலும் பதனிட்ட அமிலமும் உப்பும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். காய்ந்திருக்கும்வரை அது சும்மா கிடக்கும். ஈரம் வந்தால் வேலையைத் தொடங்கும். சுவரில் தொங்கிய உறையில் ஈரம் எங்கே இறங்கும்? நுனிக்கு. செம்மஞ்சள் துரு அங்கே இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

தோலை நான் கைவிடவில்லை. தேன்மெழுகை உருக்கித் தடவி, முடி உலர்த்துகிற மெசினால் சூடு காட்டினால் தோல் மெழுகைக் குடித்துவிடும். மழைத்தூறல் முத்துமுத்தாக உருண்டு ஓடும். மெழுகு உருக 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் எங்கள் வெயிலுக்கு அது கரைந்து ஓடாது. மோட்டார் சைக்கிள் சீற்றில் மத்தியானம் விட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தோலுறை கத்தியைக் கொண்டுதிரிவதற்கு, கிடத்தி வைப்பதற்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தி வெளியே. எண்ணெய், பத்திரிகைத்தாள், கூரை. அப்பா சரி.

தோலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது என் இடது ஆட்காட்டி விரலில் இருக்கிறது. இரண்டாவது உறை தைக்கும்போது இடைப்பட்டையை விட்டுவிட்டேன். இரண்டு தோலுக்கும் நடுவில், வெட்டுவாய்ப் பக்கமாக வைத்துத் தைக்கிற மெல்லிய தோல் நாடா அது. வைத்தால் உறை தடிப்பாகத் தெரிகிறது, விட்டால் ஒல்லியாக அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். கத்தியின் வாய் நேரே தையலில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறை உருவும்போதும் ஒரு இழையாக அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நாள் உறையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உருவினேன். உறையில் மூன்று தையல் போனது, விரலுக்கு நான்கு தையல் வந்தது. இப்போது இடைப்பட்டை இல்லாத உறையை யார் காட்டினாலும் என் விரலைக் காட்டுகிறேன். நூலும் முக்கியம். தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) நூலால் தைக்காதீர்கள். முடிச்சு நிற்காது, தோலையும் அரிந்துவிடும். வலை முடிகிற நைலோன் முறுக்கு நூல் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதில் கொஞ்சம் மெழுகை இழுத்தால் போதும்.

பதனிடாத பச்சைத்தோலையும் விட்டுவைக்கவில்லை. கூத்துக்கு மத்தளம் கட்டுகிற ஒருவரிடம் மிஞ்சிய துண்டு வாங்கி, ஊறவைத்து, கத்தியைச் சுற்றித் தைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் பலகை மாதிரி இறுகியது, தட்டினால் டொங்கென்று சத்தம். இதுவல்லவா உறை என்று இரண்டு மாதம் மிதப்பில் இருந்தேன். ஐப்பசியில் முதல் மழைக்கு அது வேகவைத்த அப்பளம் மாதிரித் தொய்ந்து, நாற்றம் வேறு. வெயிலுக்கு மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய் வந்தேன், காணவில்லை. பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. மத்தளக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மழைக்குள்ள மத்தளத்தையே நாங்க நெருப்புக் காட்டித்தான் அடிக்கிற. உனக்கு உறையா?”

மரத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனம் நிறைந்தது. ஜப்பான்காரர்கள் வாளுக்கும் சமையற்கத்திக்கும் மரத்தில்தான் உறை செய்கிறார்கள், மக்னோலியா வகை மரம் ஒன்றில். மரம் மிருது, பிசின் குறைவு, கத்தியைச் சுரண்டாது. நான் வியந்தது மரத்துக்கு இல்லை, பசைக்கு. பலகையை இரண்டாகப் பிளந்து, உள்ளே கத்தியின் உருவத்தைக் குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுகிறார்கள். வலுவான பசை கிடைக்காமல் இல்லை. உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால், பிளந்து துப்புரவாக்கி மறுபடி ஒட்ட வேண்டும் என்பதற்காகவே வலுக்குறைந்த பசை. இதைப் படித்தபோது எனக்குப் பட்டம் ஒட்டின ஞாபகம் வந்தது. பழஞ்சோற்றை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்த அதே பசைதானே!

அப்படியே செய்தேன். முதலில் முதிரையில் தொடங்கி முட்டாளானேன். இரும்பு மாதிரி மரம்; உளி மழுங்கியதுதான் மிச்சம், அதன் தூள் பட்டு முழங்கைவரை கடி வேறு. தச்சு வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் ஏழிலைப்பாலைத் துண்டு தந்தான். வெள்ளை மரம், பாரமே இல்லை. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்த மரம். தாவரவியற் பெயரிலேயே பள்ளிக்கூடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்கொலாரிஸ் என்று. குடைவதற்கு வெண்ணெய் மாதிரி. கத்தி நுனி முட்டாமல் கீழே ஒரு விரற்கடை இடம் விட்டேன். சோற்றுப் பசை பூசி, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி ஒரு இரவு வைத்தேன். விடிய அவிழ்த்துக் கத்தியை உள்ளே விட்டபோது, கடைசி அரை அங்குலத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு ‘சுப்’பென்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காக இன்னொன்று செய்யலாம்.

ஆனால் வாடையில் அது பருத்து இறுகுகிறது. கச்சானில் ஒட்டு விரிகிறது. ஒருமுறை எறும்பு பசையைத் தின்று இரண்டு பாதியாகவே பிரித்து வைத்துவிட்டது. அதனால் மரவுறை குசினிக் கத்திக்கு மட்டும். கூரைக்குக் கீழே, மனைவியின் கண்காணிப்பில்.

மாமாவுக்கு இதெல்லாம் சரிவராது. அவருடைய கத்தி மீன் செதிலிலும் உப்புத்தண்ணீரிலும் கிடப்பது. “எனக்கு சில்வர் கத்தி மனே, அது துருப்பிடிக்காது” என்பார். அவர் சில்வர் என்பது ஸ்டெயின்லெஸ் உருக்கை. நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் கலந்தது. அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுக்கொள்ளும். கத்தியைக் காப்பது அந்தப் படலம். காற்றே போகாத இடத்தில் உப்புத்தண்ணீரோடு அடைத்து வைத்தால் படலம் அறுந்து, மறுபடி கட்ட முடியாமல் குழி விழும். மாமா கத்தியைச் சைக்கிள் டியூபில் செருகி வைத்திருந்தார். உருவிப் பார்த்தேன்; ஊசி குத்தினதுபோல வரிசையாகப் புள்ளிகள். துருப்பிடிக்காத கத்தியும் மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

அவருக்குத்தான் எஸ்லோன் பைப்பில் செய்தேன். படித்தவர்கள் பிவிசி என்பார்கள், எங்கள் ஊரில் எந்தக் கம்பனிக் குழாயும் எஸ்லோன்தான். கணக்கு சுலபம். குழாயைத் தட்டையாக்கினால் அதன் வெளிவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூட அகலம் வரும். 40 மில்லிமீற்றர் குழாய் தட்டையானால் 60க்கு மேலே. கத்தியின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

சூடாக்குவதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள், நானும் விட்டேன். காஸ் அடுப்பில் நேரே பிடித்தேன். ஓரம் கருகி, தொண்டையைக் கிழிக்கிற ஒரு புகை. பிவிசி கருகினால் வருவது ஐதரசன் குளோரைட்டு. மூக்கின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகிவிடும். குழாயோடு சேர்த்து என்னையும் முற்றத்துக்கு விரட்டினார்கள். உண்மையில் அவ்வளவு சூடு தேவையே இல்லை, 80 பாகையைத் தாண்டினாலே பிவிசி இளகத் தொடங்கும். கொதிதண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இளகியது, வெளியே எடுத்துப் பலகையைத் தேடுவதற்குள் விறைத்தது. அப்போதுதான் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டக் கச்சான் வறுக்கிறவரைப் பார்த்தேன். மணல்! சூட்டைப் பிடித்து வைக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கொடுக்கும், கருக்காது. கடல் மணலை நன்னீரில் மூன்று தரம் அலசி, தாச்சியில் வறுத்து, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நிரப்பி, மெல்லிய நெருப்பில் விட்டேன். பத்து நிமிடத்தில் குழாய் ரப்பர் மாதிரி ஆனது. மணலைத் தட்டி, ஈரத்துணியால் உள்ளே துடைத்து (துடைக்காவிட்டால் கத்தி முழுக்கக் கீறல்), இரண்டு சுற்றுக் கடதாசி சுற்றிய கத்தியை உள்ளே வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் ஏறி நின்றேன். ஆறியதும் கடதாசியை எடுத்தால் அந்தத் தடிப்புக்கு ஒரு இடைவெளி மிஞ்சும். அது பிழையில்லை, காற்றுக்கான இடம். கீழ் நுனியை முழுக்க அடைக்கவில்லை; சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஓட்டை. கடலிலிருந்து வந்ததும் நன்னீர் ஒரு சிரட்டை ஊற்றினால் உப்பு கீழால் போய்விடும்.

பார்ப்பதற்குக் கக்கூஸ் குழாய் மாதிரித்தான் இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். சரி, இருக்கட்டும்.

ரொறொன்ரோ மச்சான் போன ஆவணியில் வந்தபோது கைடெக்ஸ் உறையோடு ஒரு கத்தி கொண்டுவந்தான். 1965 இல் ரோம் அண்ட் ஹாஸ் என்ற அமெரிக்கக் கம்பனி விமானத்தின் உட்பக்க வேலைகளுக்கென்று கொண்டுவந்த தகடு. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்தது. எஸ்லோன் பைப்பின் பணக்காரச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். கத்தி உள்ளே போனதும் ‘டிக்’கென்று பூட்டும், தலைகீழாக ஆட்டினாலும் விழாது. நல்ல சாமான்தான். ஆனால் பாசிக்குடாவில் ஒரு நாள் மணலில் கிடந்ததற்கு, ஒவ்வொரு உருவலுக்கும் பளபளத்த கத்தியில் ஒவ்வொரு கோடு. மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ரெக்சின், படங்குத்துணி இரண்டிலும் நான் செய்தவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்று உரிந்தது, மற்றது பூஞ்சணம் பிடித்தது.

இதையெல்லாம் செய்து முடித்துப் பெருமையோடு படுவான்கரையில் பெரியப்பாவின் வயல்வாடிக்குப் போனேன். வாவியைக் கடந்தால் காற்றில் உப்பு இல்லை. ஆனால் சேறு, வாய்க்கால், பனி. பெரியப்பாவின் கத்தி வாடிக் கூரையில் செருகியிருந்தது. உறை கமுகமட்டையில். மட்டையை வாய்க்காலில் ஊறப்போட்டு, மடித்து, உரச்சாக்கில் உருவிய நூலால் நாலு குத்துத் தைத்திருந்தார். உருவிப் பார்த்தேன். சாதாரணக் கம்மாலைக் கத்தி, துரு இல்லை. உறை உள்பக்கம் பொருபொருவென்று காய்ந்திருந்தது.

“எத்தனை நாளைக்குத் தாங்கும் பெரியப்பா?”

“ஒரு போகம். வேளாண்மை வெட்டி முடிய அடுப்புல போட்டுட்டு மறுகா ஒண்டு தைக்கிற.”

உப்பும் அழுக்கும் சேர்வதற்கு முதலே தூக்கி எறிகிற உறை. நான் பதினொன்று செய்தும் இந்த யோசனை எனக்கு வரவில்லை. அன்று பையில் இருந்த என் மெழுகுத் தோலுறையை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது. அம்மா அதைப் பிறகு பார்த்துவிட்டு, ஊதுபத்தி வைக்க நல்லம் என்று சாமியறைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே தொங்குகிறது, தோல்மணமும் சந்தனமணமும்.

மாமா போன கிழமை கோல் எடுத்தார். உறை நல்லமாம், பக்கத்துத் தோணிக்காரரும் கேட்கிறாராம். ஆனால் ஒரு குறை. “வாவிக்குள்ள விழுந்தா தாழுது மனே. மிதக்கிற மாதிரி ஒண்டு செய்யேலாதா?” பிவிசி தண்ணீரைவிடப் பாரம், அதோடு கத்தியின் இரும்பும். வலை மிதவை ஒன்றைக் கட்டி வாளித் தண்ணீரில் போட்டேன், மெதுவாகக் கீழே போய் உட்கார்ந்தது. இரண்டு கட்டினேன். மிதவை மேலே வந்தது, உறையும் வந்தது, தலைகீழாக. கத்தி மட்டும் வழுகி வாளியின் அடியில் கிடந்தது. வாய்ப்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.